மேலே போகாத சேதி

ஏற்றுமதி ஆடை தைக்கும் தொழிற்சாலையில் ஓர் ஊசி உடைந்தால் அந்த மெஷின் நின்றுவிடும். டெய்லர் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். துணி மடிப்பிலும் தரையிலும் தேடி, உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கண்ணுக்குச் சிக்காவிட்டால் காந்தத்தை வைத்துத் துழாவுவார்கள். கிடைத்த துண்டுகளைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் எண்ணும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் இருந்த பீஸ்கள் அத்தனையும் தனியே ஒதுக்கப்படும். எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் வேலைக்குச் சேரும் பெண் முதல் சில நாட்களிலேயே இதைக் கற்றுக்கொள்கிறார். விதியை எழுதியவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது துல்லியமாகத் தெரியும்.

2021 ஜனவரியில் அதே திண்டுக்கல் மாவட்டத்தில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். மாதக்கணக்கில் தொந்தரவு இருந்தது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். சக தொழிலாளிகளும் தொழிற்சங்கமும் அதையே சொன்னார்கள். எச் அண்ட் எம் போன்ற உலக நிறுவனங்களுக்குத் துணி போய்க்கொண்டிருந்த இடம் அது. ஊசித்துண்டு ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்த சங்கிலியில், ஒரு பெண்ணின் பயம் மட்டும் ஒரு கண்ணி கூட மேலே ஏறவில்லை.

பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனங்கள் தம் ஆட்களையும் தம் அறிவையும் எப்படி நடத்துகின்றன என்ற கேள்வியை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேலாண்மைப் படிப்பில் ஆட்களைப் பற்றிய பாடம் ஒன்று, அறிவைப் பற்றிய பாடம் வேறொன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். திண்டுக்கல்லில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன.

இத்துறையில் எழுதப்பட்டவை ஏராளம். ஹோவர்ட் பெர்ல்மட்டர் 1969-ல் பன்னாட்டு நிறுவனங்களை மூன்று மனப்பான்மைகளாகப் பிரித்தார். தலைமையகம் சொல்வதே வேதம் என்பது ஒன்று. அந்தந்த நாட்டை அந்தந்த நாட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்பது மற்றொன்று. திறமை எங்கிருந்தாலும் எடுத்து எங்கும் அமர்த்துவது மூன்றாவது. கொல்கத்தாவில் பிறந்து இந்தியன் ஆயிலில் வேலை பார்த்த சுமந்த்ர கோஷல், கிறிஸ்டோபர் பார்ட்லெட்டோடு சேர்ந்து 1989-ல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி போனது. கிளைகளை உத்தரவு வாங்கும் இடங்களாக மட்டும் நினைக்காதீர்கள், ஒரு கிளையில் முளைத்த யோசனை மற்ற எல்லாக் கிளைகளுக்கும் பயன்படலாம் என்பது அவர்கள் வாதம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் கோஷலுடையது. நிறுவனத்தை மனிதர்கள் வாழும் இடமாகப் பார்த்தவர் அவர்.

அறிவின் பக்கம் வந்தால், மைக்கேல் பொலானி 1966-ல் சொன்னதில் இருந்து எல்லோரும் தொடங்குகிறார்கள்: நாம் சொல்ல முடிந்ததைவிட நமக்குத் தெரிந்தது அதிகம். இதற்கு ஜப்பானின் இகுஜிரோ நொனாகா காட்டிய உதாரணம் புகழ்பெற்றது. மத்சுஷிதா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் செய்ய முயன்றபோது மாவு சரியாகப் பிசையப்படவில்லை. நிறுவனத்தின் மென்பொருள் வல்லுநரான ஒரு பெண் ஒசாகாவின் ஒரு ஹோட்டலில் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை கற்றுக்கொண்டார். அந்த ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போதே ஒரு முறுக்கு முறுக்குகிறார் என்பது அவர் கூடவே நின்று பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அந்த முறுக்குக்காக இயந்திரத்தின் உள்ளே தனி மேட்டு வரிகள் வைத்தார்கள்.

கேப்ரியல் சுலான்ஸ்கி 1996-ல் வெளியிட்ட ஆய்வு எட்டு நிறுவனங்களில் நடந்த 122 அறிவு மாற்றங்களை அலசியது. நல்ல முறை ஒன்று ஒரே நிறுவனத்துக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏன் போவதில்லை என்பது அவர் கேள்வி. சோம்பலும் பொறாமையும்தான் காரணம் என்று முதலாளிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டது வேறு. வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு அதற்கான தயாரிப்பு இருப்பதில்லை, அந்த முறை ஏன் பலிக்கிறது என்பது யாருக்கும் முழுதாக விளங்குவதில்லை, இரண்டு இடங்களுக்கும் இடையே உறவு சுமுகமாக இல்லை. இந்த மூன்றாவது காரணத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த நூல்கள் பெரும்பாலும் மேலாளர்களுக்கு இடையிலான உறவைப் பற்றியே பேசுகின்றன. தையல் மெஷினில் இருப்பவருக்கும் ஸ்டாக்ஹோமில் எச் அண்ட் எம்முக்காக ஆர்டர் போடுபவருக்கும் இடையே என்ன உறவு இருக்க முடியும் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை.

இதெல்லாம் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்துவிட வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் இருந்து நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் என்று கிழக்கே போகும் சாலையின் முனையில் காரைக்குடி இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் அந்தச் செட்டிநாட்டுக் கிராமங்களில் இருந்து ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு என்று செட்டியார்கள் வட்டிக்கடைகளை நடத்தினார்கள். 1929–30-ல் விசாரித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும் அவற்றின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. கம்ப்யூட்டர் இல்லாத நாளில், கடலுக்கு அப்பால் இத்தனை கடைகளை எப்படிக் கட்டி மேய்த்தார்கள்?

ஆட்களை வைத்துத்தான். முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்துவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பையன் சிறு வயதிலேயே கீழ்வாய் இலக்க வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தாக வேண்டும். முந்திரியும் காணியும் மாவும் நாக்கில் இருந்தால்தான் வட்டிக் கணக்கு விரலில் வரும். மேலாளின் தவணை வழக்கமாக மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே வீட்டுக்குக் கொடுக்கப்படும். லாபம் வந்தால் அதில் ஒரு பங்கு. அவர் கையெழுத்திடும்போது தன் பெயருக்கு முன்னால் முதலாளியின் விலாசத்தை, அதாவது கடையின் முதலெழுத்துகளை, போட்டுக்கொள்வார். ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள் வரிசையாக இருந்தன. பக்கத்து மேசையில் யார் கடன் கேட்டு வந்தார், யாருக்கு இல்லை என்று சொன்னார்கள் என்பது எல்லோர் காதிலும் விழும். ரகசியம் காப்பதைவிட சேதி பரவுவதே அங்கே பாதுகாப்பு. தவணை முடிந்து திரும்பியவர் ஊரில் தங்கி ஐந்தொகையை ஒப்படைத்துவிட்டு, அடுத்த தவணைக்குக் காத்திருப்பார். பர்மாவைப் பற்றி அறிந்த மனிதர் செட்டிநாட்டுத் தெருவிலேயே நடமாடிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் மூன்று வருஷம் இருந்து திரும்பும் அதிகாரியை ஏதோ ஒரு நாற்காலியில் உட்காரவைத்து மறந்துவிடும் இன்றைய கம்பெனிகளோடு ஒப்பிட்டால், அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

இந்த உலகத்தை உள்ளிருந்து காட்டியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்து, இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்தவர்களுக்கு அடுத்தாளின் மனசு தெரியும்: கணக்கில் கெட்டிக்காரன், ஊரையும் பெண்டு பிள்ளைகளையும் விட்டு வந்தவன், அந்நிய நாட்டில் வாழ்ந்தும் அதற்குள் போகாதவன்.

அந்த ஏற்பாட்டின் பலவீனமும் அங்கேதான் இருந்தது. கடிதம் தவறாமல் போனது. கடிதத்தில் கேட்கப்பட்டது வட்டி, வசூல், நிலுவை. ஐராவதி டெல்டாவில் நெல் விலை சரிந்தபோது கடனுக்கு ஈடாக இருந்த நிலம் கைக்கு வந்து குவிந்தது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1937 வாக்கில் 25 சதவீதத்தைத் தொட்டது. நிலம் இழந்த உழவனின் முகத்தைத் தினமும் பார்த்தவர் மேலாள். 1930-ல் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. அதே ஆண்டின் கடைசியில் சயா சான் கிளர்ச்சி. 1938-ல் மறுபடி கலவரம். என்ன வரப்போகிறது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதை எழுத ஐந்தொகையில் பத்தி இல்லை. ஜப்பான் படை 1942-ல் வந்தபோது பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது. பேரேட்டில் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரியாகத்தான் இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அறிவு எல்லை கடந்து வந்து வேர் பிடித்த கதையும் இங்கே உண்டு. திண்டுக்கல் ரயில் நிலையத்தை ஒட்டிய நாகல் நகர் சௌராஷ்டிரர்கள் நிறைந்த பகுதி. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். குஜராத் பக்கமிருந்து விஜயநகரம் வழியாக மதுரைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வந்த நெசவாளர்களின் வழியினர். அவர்கள் கொண்டுவந்த கைத்திறனில் ஒன்றுதான் மதுரைச் சுங்குடி. துணியை மடித்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தை விரல்நுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நூலை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவுக்கு அருகே உட்கார்ந்த பெண் கண்ணாலும் விரலாலும் கற்றுக்கொண்டாள். செட்டிநாட்டு மேலாள் தனியாகப் போனார், தனியாகத் திரும்பினார். நெசவாளர்கள் குடும்பத்தோடு, கோயிலோடு, மொழியோடு வந்தார்கள். சொல்லித்தர முடியாத அறிவு நூற்றாண்டுகள் தாண்டி நிற்க அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். முடிச்சுப் போடும் கைகள் இன்று குறைந்துவிட்டன. கூலி கட்டுப்படியாகாத இடத்தில் எந்த அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போகாது.

இதே வட்டாரத்துப் புகையிலையில் சுற்றிய சுருட்டு லண்டனில் ‘ட்ரிச்சினாப்பொலி’ என்ற பெயரில் அறியப்பட்டது. 1887-ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அந்தச் சுருட்டை அடையாளம் சொல்லிவிடுகிறார். சாம்பல் வரை தெரிந்த அவர் வாயிலும் இலை விளைந்த ஊரின் பெயர் வரவில்லை.

சென்னையைச் சுற்றிய இன்றைய தொழிற்சாலைகளுக்கு வருவோம். நல்ல உதாரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் 1998-ல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். வழிகாட்டியவர் பேராசிரியர் யோஷிகாசு சுதா. வெளியிலிருந்து வந்த அறிவு அங்கே தங்கியதற்குக் காரணம், லைனில் நிற்பவரே தன் வேலையின் குறையை எழுதி, காரணம் தேடி, மாற்றிப் பார்க்கும் முறை. குறையைச் சொன்னால் தலை போகாது என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே, அவர் பத்து வருஷம் கழித்தும் அதே ஆலையில் இருப்பார் என்ற நிலை வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

ஸ்ரீபெரும்புதூர்ச் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சம்பளமும் பேசப்பட்டதுதான். ஆனால் அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்காக போன் பூட்டும் ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளிகள் நெடுஞ்சாலையை மறித்தது விடுதிச் சாப்பாட்டுக்காக. கெட்டுப்போன உணவால் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிறகுதான் அந்த விடுதிகளின் நிலைமை ஆப்பிள் நிறுவனத்தின் மேசைக்குப் போனது. உலகத்திலேயே நுட்பமான கருவியைப் பூட்டும் கைகள் எங்கே தூங்குகின்றன, என்ன சாப்பிடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சாலை மறியல் தேவைப்பட்டிருக்கிறது.

2025 ஜூலையில் அதே ஃபாக்ஸ்கானின் தென்னிந்திய ஆலைகளில் இருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திருப்பி அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இயந்திரங்கள் இங்கேயே இருந்தன, கையேடுகளும் இருந்தன. ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் அறிவும் போய்விடும் என்ற கணக்கு சரிதானா என்பது, அந்த ஆட்கள் இருந்தபோது அவர்களோடு கூட நின்ற நம் பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொள்ள விடப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்ததும் இதே கணக்கின் மறுபக்கம்.

மறுபடி வேடசந்தூர். உலக பிராண்டுகள் தொழிலாளர் நிலையை அறிய இதுவரை நம்பியது தணிக்கையை. கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலை 2012-ல் எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரச் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அங்கிருந்த தொழிற்சாலைகளுக்கும் தணிக்கையாளர்கள் வந்துபோயிருந்தார்கள். சூப்பர்வைசரின் கண் எட்டும் இடத்தில், நாளைக்கும் அதே லைனில் உட்கார வேண்டிய பெண்ணிடம், “பிரச்சினை ஏதாவது இருக்கா?” என்று கோட்டு போட்ட ஒருவர் கேட்டால் என்ன பதில் வரும்? மாவைப் பிசைகிறவரின் கையில் இருந்ததைத் தெரிந்துகொள்ள மத்சுஷிதா ஒரு ஆளையே அனுப்பிக் கூட நிற்கவைத்தது. தையல் லைனுக்கு அனுப்பப்பட்டது கேள்வித்தாள்.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் உடன்பாடு இதற்கு வேறு வழி காட்டியது. பெண்கள் தலைமையேற்று நடத்தும், தலித் தொழிலாளிகள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் மறுபக்கம். ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்சும் தொழிலாளர் உரிமைக்கான ஒரு சர்வதேச அமைப்பும் துணை. எச் அண்ட் எம், பிறகு கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்களும் கட்டுப்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் இதற்குள் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். இதன் உயிர்நாடி எளிமையானது. 25 தொழிலாளிகளுக்கு ஒருவர் வீதம் தொழிலாளிகளில் இருந்தே கண்காணிப்பாளர்கள். சங்கம் பயிற்சி கொடுக்கும். கெட்ட வார்த்தை, உரசல், சாதியைச் சொல்லித் திட்டுவது, கழிப்பறைக்கு விடாதது எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லலாம். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. தொழிற்சாலை மீறினால் பிராண்டுகள் வணிகத்தை வைத்து நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

முதல் ஆண்டு அறிக்கையின்படி 185 புகார்கள் வந்தன. ஏறக்குறைய அனைத்தும் தீர்த்துவைக்கப்பட்டன. பூஜ்யம் காட்டும் ஒரு தணிக்கைத் தாளைவிட இந்த 185 எனக்கு நம்பிக்கை தருகிறது. புகார் கூடியதை நிர்வாகத்தின் தோல்வி என்று வாசிப்பவர்கள், நாச்சி அப்பேரல் சரக்குகளை அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் தடுத்து நிறுத்தியதையும், இந்த உடன்பாட்டின் வழியாக நடந்த மாற்றங்களைப் பார்த்துச் செப்டம்பரிலேயே தடையை நீக்கியதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இது ஒரு குழுமத்தின் ஆலைகளுக்குள் நடந்தது. விடியற்காலையில் திண்டுக்கல் வட்டாரச் சாலைகளில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் மில் பஸ்களைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று புரியும். நூற்பாலை நூல் நேரடியாக எந்த பிராண்டுக்கும் போவதில்லை. நடுவே நெசவு, சாயம், தையல், ஏஜென்ட் என்று நான்கைந்து கை மாறுகிறது. அங்கே விடுதியில் தங்கி இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணின் சேதி யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே இன்னும் முடிவாகவில்லை. விலையும் முடிவாகவில்லை. டெலிவரி நாளை முன்னே இழுத்து, பீஸுக்குச் சில காசு குறைத்துக் கேட்கும் அதே வாங்குபவர், லைனில் டார்கெட் நெருக்கடி கூடும்போது சூப்பர்வைசரின் வாயில் என்ன வார்த்தை வருகிறது என்பதற்கும் பொறுப்பாளிதான்.

இனி நம்மவர்களும் தலைமையகமாக இருக்கிறார்கள். மதுரையில் வேர் கொண்ட டிவிஎஸ் குடும்பத்தின் டிவிஎஸ் மோட்டார், 2020 ஏப்ரலில் நார்ட்டன் என்ற பழம்பெரும் ஆங்கில மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பழைய நிர்வாகத்தின் காலத்தில் செய்யப்பட்ட வி4 எஸ்எஸ் வண்டிகளில் 35 குறைகள் இருப்பதைப் புதிய நிர்வாகம் கண்டறிந்து, அவற்றை ஓட்ட வேண்டாம் என்று 2021-ல் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டது. அந்த வண்டிகளைப் பூட்டியவர்களில் சிலருக்காவது அந்தக் குறைகள் முன்பே தெரிந்திருக்கும். டிவிஎஸ்ஸிடம் இருந்து அவர்களிடம் கேள்வி போகும்போது, சொன்னவருக்கு என்ன நேரும் என்ற உத்தரவாதமும் கூடவே போகிறதா என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன். வேடசந்தூரில் 25 பேருக்கு ஒருவர் என்று எழுதிக் கையெழுத்திட்டதைப் போன்ற உத்தரவாதம்.